பசிக்காத எதிரி

விளாங்குடியில், திண்டுக்கல் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் ‘சாரோன் மிக்சி சர்வீஸ்’ என்று ஒரு கடை இருக்கிறது. கடைக்காரர் பெயர் தேவஇரக்கம். தெருவில் எல்லோருக்கும் அவர் இரக்கம் சார். அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வாத்தியார் வேலை பார்த்தவர் இல்லை. ஆனால் மிக்சியை ரிப்பேருக்குக் கொடுத்தால் பாடம் நடத்தாமல் திருப்பித் தர மாட்டார். அதனால் அந்த ‘சார்’ தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

“பாருங்கம்மா, அடியில இந்தச் சிவப்புப் பொத்தான் இருக்குல்ல? ஜார்ல அளவுக்கு மேல போட்டா மோட்டார் கருகிறக் கூடாதுன்னு மிக்சி தானா நின்னுக்கும். ஆண்டவர் நமக்கும் இதே மாதிரி ஒண்ணு வச்சிருக்கார். மனசாட்சின்னு பேரு. நாம என்ன செய்றோம்? பொத்தானை அமுக்கி அமுக்கி மறுபடியும் ஓட்டுறோம்.”

வீட்டில் அடுப்பை அணைக்காமல் வந்திருக்கும் பெண்கள் இதற்கெல்லாம் வேகமாகத் தலையாட்டுவார்கள். அவர் அதை ஆவிக்குரிய உணர்வு என்று எடுத்துக்கொள்வார்.

கேலியைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் மனுசர் தங்கமானவர். ஷட்டரைத் தூக்கும் முன் வேதம் வாசிக்காமல் இருந்ததில்லை. வருசம் ஒரு தடவை முழு பைபிளையும் முடித்துவிடுவார். ஆடுமாடு பலியிடும் முறைகள் வருகிற அதிகாரங்களில் மட்டும் கொஞ்சம் வேகம் குறையும். கெடாத பாகத்தைக் கெட்டது என்று சொல்லி மாற்றியதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மணி அடிக்கும் முன்பே போய் உட்கார்ந்திருப்பார். எல்லோரையும் நேசித்தார். ஒரே ஒரு ஆள் மட்டும் அந்தக் கணக்கில் வரவில்லை. அந்த ஆள் பக்கத்துக் கடையில் இருந்தான்.

அவன் பெயர் அழகுபாண்டி. பரோட்டாக் கடை. சில வருசங்களுக்கு முன்னால் ஒரு முகூர்த்த நாளில் அவனுக்குப் பெரிய ஆர்டர் வந்திருந்தது. சால்னாவுக்குத் தேங்காய் அரைக்கும்போது, முந்தின நாள்தான் இரக்கம் சார் சரிசெய்து கொடுத்த மிக்சி ஒரு முனகல் முனகிவிட்டு நின்றுபோனது. அழகுபாண்டி அதைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டான்.

“வேதக்காரரு, சுத்தமா செய்வாருன்னு நம்பிக் குடுத்தேன்! அவருக்கு வாய்தான்யா ஓடுது, மிக்சி ஓடல!”

டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மிக்சி ஓடவில்லை என்று சொன்னதை இரக்கம் சார் அன்றைக்கே மறந்திருப்பார். வாய் ஓடுகிறது என்றதுதான் உள்ளே போய்ச் செருகிக்கொண்டது. அன்றோடு பேச்சு நின்றது. ஆனால் அவர் மன்னித்துவிட்டார். ஆண்டவரிடம் ஜெபத்தில் தெளிவாகச் சொல்லியும் விட்டார், “நான் அவனை மன்னிச்சிட்டேன்” என்று. அழகுபாண்டியிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இப்படி இருக்கும்போது இந்த வருசப் பிறப்பு வந்தது.

புது வருச ஆராதனை முடிந்ததும் சபையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். ஒரு தட்டு நிறைய அட்டை கவிழ்த்து வைத்திருக்கும். ஆளுக்கு ஒன்று. அதில் இருக்கிற வசனம்தான் அந்த வருசம் முழுக்க அவர்களுக்கு ஆண்டவர் கொடுக்கிற வாக்கு. முன்னால் போன அம்மாவுக்கு, உன்னை வாலாக்காமல் தலையாக்குவேன் என்று வந்தது. இரக்கம் சாரின் மனைவி ஜெயசீலிக்கு நீர் பாய்ந்த தோட்டம் போல இருப்பாய் என்று வந்தது. உடனே போட்டோ எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டாள். இரக்கம் சார் கண்ணை மூடி ஜெபித்து, தட்டில் அடிவரை கைவிட்டு, ஒன்றை உருவினார்.

எதிரி பசியாக இருந்தால் அவனுக்குச் சாப்பாடு கொடு, தாகமாக இருந்தால் தண்ணீர் கொடு, இப்படிச் செய்தால் அவன் தலைமேல் நெருப்புத் தழலைக் குவிப்பாய் என்று இருந்தது.

முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பின்னால் ஒரு ரோஜாப் பூ படம். வேறு ஒன்றும் இல்லை. நேராகப் போதகரிடம் போனார்.

“ஐயா, தப்பு வந்திருச்சு போல. இது வாக்குத்தத்தம் மாதிரி இல்லையே. உத்தரவு மாதிரில்ல இருக்கு?”

போதகர் இளம் வயசுக்காரர். வாங்கிப் பார்த்துச் சிரித்தார். “நல்ல வசனம்தானே ஐயா. செய்ங்க, பலன் வரும்.”

“தட்டுல இன்னும் அட்டை மிச்சம் இருக்கு போலயே?”

“இருக்கு. ஆனா உங்களுக்கு இதுதானே வந்திருக்கு?”

வீடு திரும்பும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்த ஜெயசீலி கேட்டாள், “ஸ்டேட்டஸ் வைக்கலையா?”

“இதை வச்சா, யாருடா அந்த எதிரின்னு ஊரே கேக்கும். எனக்கு எதிரின்னு யாரு இருக்கா?”

“அப்ப நம்ம கடைச் செவுத்துக்கு அங்கிட்டு இருக்கிறது யாரு?”

வண்டி கொஞ்ச தூரம் போனது. பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. “சீலி, வசனத்தை நல்லாப் படி. பசியா இருந்தாத்தான். அவன் பரோட்டாக் கடை வச்சிருக்கான். அவனுக்கு எப்படிப் பசிக்கும்?”

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாதத்தைச் சுகமாகத் தள்ளிவிட்டார். சாயங்காலம் பக்கத்துக் கடையில் கல் சூடாகி, சால்னா வாசனை சுவரைத் தாண்டி வரும்போதெல்லாம் அவருக்கு நிம்மதியாக இருக்கும். வசனத்தின் பின்பாதியில் அவருக்கு ஆசைதான். தலையில் நெருப்பு என்றால் என்ன அர்த்தம் என்று போதகரிடம் தனியாகக்கூடக் கேட்டுவைத்தார். வெட்கத்தில் அவன் முகம் எரியும் என்று சிலர் விளக்கம் சொல்வார்கள் என்றார் போதகர். வெட்கப்பட்ட அழகுபாண்டி எப்படி இருப்பான் என்று கற்பனை செய்து பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முன்பாதியைச் செய்யாமல் பின்பாதிக்கு வழியில்லை.

ரம்ஜான் மாதம் வந்தது. எதிரில் முட்டைக் கடை வைத்திருக்கும் ஜமீல் பாய், நோன்பு வைத்த வறண்ட உதட்டோடு மத்தியானம் மிக்சிக் கடை நிழலில் வந்து உட்காருவார். இரக்கம் சார் அவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“பாய், நீங்க மட்டும் எனக்கு எதிரியா இருந்திருந்தா எம்புட்டு வசதியா இருந்திருக்கும்!”

ஜமீல் திகைத்துப் போனார். கதையைக் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அண்ணே, நோன்பு நேரத்துல சிரிக்க வச்சு என் தெம்பை உருவாதீங்க.”

அதே ஜமீல்தான் பெருநாள் முடிந்து சில வாரம் கழித்து ஒரு நாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார்.

“அண்ணே, உங்க ஆளுக்குப் பசிக்குது.”

“யாருக்கு?”

“அழகுபாண்டிக்கு. வயித்துல புண்ணாம். எண்ணெய், காரம், மைதா எதுவும் தொடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவன் சம்சாரம் கனகா வேற அலங்காநல்லூர் போயிருக்கு. அவங்கப்பா விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சு கிடக்காரு, இப்போதைக்கு வர முடியாது. இவனுக்குச் சமைக்கத் தெரியாது. டீயும் பன்னும்தான் ஓடுது.”

“ஏன், இட்லிக் கடையில போய்ச் சாப்பிட வேண்டியதுதானே?”

“பரோட்டாக் கடை ஓனரு அடுத்தவன் கடையில இட்லி தின்னா, அந்தக் கடைப் பரோட்டாவுல என்ன கோளாறோன்னு சனம் பேசாதா? முட்டை போடப் போன இடத்துல எனக்கே தற்செயலாத் தெரிஞ்சது. வெளிய விடாதீங்க.”

இரக்கம் சார் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். “ஸ்தோத்திரம்!” என்றார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனவர் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். “சீலி, அவனுக்குப் பசிச்சிருச்சு!”

விசயத்தைக் கேட்ட ஜெயசீலி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “ஒருத்தன் வயித்தெரிச்சலோட பட்டினி கிடக்கான். அதுக்கா இம்புட்டுச் சந்தோசம்? அவன் பசியில சந்தோசப்படுன்னு உங்க அட்டையில போட்டிருக்கா?”

அவள் மளமளவென்று சாதத்தைக் குழைய வடித்து, மணத்தக்காளிக் கீரையைப் பாசிப்பருப்போடு கடைந்து, தனியாக மோரும் ஊற்றி, மூன்றடுக்குத் தூக்கில் அடைத்தாள். அவர் அதை எல்லோரும் பார்க்கும்படி கையில் தொங்கவிட்டுக்கொண்டு போகத்தான் நினைத்திருந்தார். ஜெயசீலி விடவில்லை. பழைய மிக்சி அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துத் தூக்கை உள்ளே வைத்து மூடினாள்.

“அந்த ஆளு வெளிய தெரியக் கூடாதுன்னு இருக்காரு. மிக்சி கொண்டுபோற மாதிரி கொண்டுபோங்க.”

பரோட்டாக் கடை சாயங்காலம்தான் திறக்கும். அழகுபாண்டி பாதி ஷட்டருக்குப் பின்னால் கல்லாவில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். ஆள் பாதியாகியிருந்தான். பெட்டியோடு குனிந்து உள்ளே வந்தவரைப் பார்த்து எழுந்தே நின்றுவிட்டான்.

“என்னண்ணே, கடை மாறி வந்துட்டீங்களா?”

இரக்கம் சார் வழியெல்லாம் ஒரு வாக்கியம் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். நீ எனக்குச் செய்தது எதுவாக இருந்தாலும், என்று ஆரம்பித்து நீளமாகப் போகும். வாய் திறந்தபோது வந்தது வேறு.

“சாப்பிட்டியா?”

அழகுபாண்டி இல்லை என்று தலையசைத்தான். தூக்கைத் திறந்ததும் கீரை வாசனை வந்தது. அவன் கேள்வி எதுவும் கேட்கவில்லை. கை கழுவிவிட்டு உட்கார்ந்தவன் கடைசி வாய் மோர்ச்சாதம் வரை நிமிரவில்லை. இரக்கம் சார் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து அவன் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். தழல் எதுவும் விழுந்த மாதிரித் தெரியவில்லை. கடைசியில் விரலை நக்கிக்கொண்டே அழகுபாண்டி சொன்னான்:

“உப்பு கொஞ்சம் கம்மிண்ணே. ஆனா கீரை நல்லா இருக்கு. அக்கா கையா? நாளைக்கு மோர் கூடக் கொஞ்சம் வைக்கச் சொல்லுங்க.”

“நாளைக்கா?”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினார். “வெட்கப்படுவான்னு பார்த்தா, மோர் கேக்கான்!”

“நாளைக்கும் பசிக்கும்ல?” என்றாள் ஜெயசீலி, பாத்திரம் துலக்கிக்கொண்டே.

அப்படித்தான் அது தினசரி ஆனது. மத்தியானம் ஆனால் இரக்கம் சார் மிக்சிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போவார். அவன் சாப்பிட்டு முடித்ததும் பெட்டியோடு திரும்புவார். முதலில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பிறகு மழை, கரண்டு கட், கனகாவின் அப்பா என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது. ஒரு நாள் இரக்கம் சாரால் அடக்க முடியவில்லை.

“ஏம்ப்பா, அன்னைக்கு நடுத்தெருவுல நின்னு அப்படிச் சொன்னியே?”

“எதுண்ணே?”

“எனக்கு வாய்தான் ஓடுது, மிக்சி ஓடலன்னு.”

அழகுபாண்டி சோற்றுக்கையோடு யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். “நானா? சொல்லிருப்பேண்ணே. அன்னைக்கு ஆர்டர் டென்சன். மாஸ்டரைத் திட்டுனேன், தேங்காய்க்காரனைத் திட்டுனேன், கனகாவையும் திட்டுனேன். எல்லாரும் மறுநாளே பேசிட்டாங்க. நீங்கதான் பேசல. வீட்டுல என்னமோ கஷ்டம் போல, நாம போய்க் கிளறக் கூடாதுன்னு நானும் பேசாம இருந்துட்டேன்.”

மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் இரக்கம் சாருக்கு உச்சந்தலை சுட்ட மாதிரி இருந்தது. கை தானாக மேலே போய் வழுக்கையைத் தடவிப் பார்த்தது.

அதற்கப்புறம்தான் அவர் எதிர்பாராத வினை வந்தது. ஒரு மனுசன் தினமும் ஒரே கடைக்கு மிக்சிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் தெரு என்ன நினைக்கும்? அழகுபாண்டி கடை மிக்சி தினமும் கெட்டுப்போகிறது என்று நினைத்தது. பிறகு, கெட்டுப்போவது மிக்சியின் குறையா, சரிசெய்கிறவர் குறையா என்று யோசித்தது. கடைசியில் ஒரு முடிவுக்கும் வந்துவிட்டது.

மூன்று வீடு தள்ளி இருக்கும் அம்மாள் ஒருத்தி ரொம்ப வருச வாடிக்கை. ஒரு நாள் கடை வாசலில் நின்று தயங்கித் தயங்கிச் சொன்னாள், “சார், தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுல மிக்சி நின்னுபோச்சு. எம் மருமக பிருந்தா அதை ஆரப்பாளையத்துல ஒரு கடையில குடுத்துட்டா. இப்பல்லாம் நீங்க பாக்கிறது ஒரு நாள் கூடத் தாங்க மாட்டேங்குதுன்னு சொன்னாங்களாம். உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?”

இரக்கம் சார் வாயைத் திறந்தார். அந்தப் பெட்டியில் இருப்பது மிக்சி இல்லையம்மா என்று ஒரு வரி சொன்னால் போதும். சுவருக்கு அந்தப் பக்கம் அழகுபாண்டி இருமுவது கேட்டது. வாயை மூடிக்கொண்டார். அவர் வாழ்க்கையிலேயே, வந்த பேச்சை முழுசாக விழுங்கியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

“ஒண்ணும் இல்லம்மா. கண்ணாடி மாத்தணும் போல,” என்று சொல்லிவிட்டார். அது பொய்யாகிவிடக் கூடாதே என்று அன்று சாயங்காலமே கண்ணாடிக் கடைக்குப் போய்ப் பரிசோதித்தார். பவர் கூடித்தான் இருந்தது.

ஆனால் மனசு கொதித்தது. சாப்பிடும்போது தட்டைத் தள்ளி வைத்தார். “ஊரெல்லாம் என் வேலையைப் பத்தித்தான் பேச்சு. எது பேசினாலும் தாங்குவேன் சீலி, வேலையைச் சொன்னாத் தாங்க மாட்டேன்.”

“வலது கை செய்யுறது இடது கைக்குத் தெரிய வேணாம்னு நீங்கதானே எல்லாருக்கும் பாடம் எடுப்பீங்க?”

“தெரிய வேணாம், சரி. கைக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுக்கணும்னு எங்க இருக்கு?”

அவள் சிரிக்கவில்லை. தட்டை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினாள். “வேணாம்னா நாளையிலருந்து நிறுத்திருவோம். ஜமீல் பாய்கிட்ட சொன்னா அவர் சம்சாரம் ஹாஜரா செஞ்சு குடுத்துரும்.”

மறுநாள் காலை ஷட்டருக்கு வெளியே நின்றுகொண்டு அவர் ஜெபித்தார். வழக்கமாக உலக நாடுகளில் ஆரம்பித்து, தமிழ்நாடு, மதுரை, விளாங்குடி என்று வரிசையாக இறங்கி வருவார். அன்றைக்கு அப்படி வரவில்லை. “ஆண்டவரே, இது எனக்குப் பிடிக்கல. ஆனாலும் செய்யுறேன்.” அவ்வளவுதான். ஆமென் சொல்லக்கூட மறந்து ஷட்டரைத் தூக்கிவிட்டார். மத்தியானம் பெட்டியோடு கிளம்பினார். டீக்கடைப் பக்கமிருந்து யாரோ, “சார், இன்னைக்காவது ஓடுமா?” என்று கேட்டார்கள். காதில் விழாத மாதிரி உள்ளே போனார்.

அன்றைக்கு அழகுபாண்டி சோற்றில் கை வைக்கவில்லை.

“வெளிய என்னண்ணே கேட்டாங்க?”

“ஒண்ணும் இல்ல. சாப்பிடு.”

“கொஞ்ச நாளா எனக்கும் காதுல விழுது. மாஸ்டர்கிட்ட விசாரிச்சேன். உங்க வேலை சரியில்லன்னு பேசுறாங்களாமே? என்னாலதானே?”

“நீ சாப்பிடு அழகு. ஆறிரும்.”

அவன் எழுந்தான். தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டு ஷட்டரை முழுசாக மேலே தள்ளினான். அந்தச் சத்தத்துக்கே டீக்கடை திரும்பிப் பார்த்தது. முன்பு மிக்சியைத் தூக்கிக்கொண்டு நின்ற மாதிரியே இப்போது தூக்குச் சட்டியை உயர்த்திக்கொண்டு நடுத்தெருவில் நின்றான்.

“எல்லாரும் பாத்துக்கங்கய்யா! மிக்சி எதுவும் கெடல. கெட்டது என் வயிறு! பரோட்டாக் கடை வச்சிருக்கேன், ஒரு பரோட்டா திங்க முடியல. இந்த அண்ணன் வீட்டுச் சோறுதான் தினமும் திங்கிறேன். இதுல கீரை இருக்கு, மோர் இருக்கு. யாருக்கு என்ன சந்தேகம்?”

முதலில் ஜமீல் பாய் முட்டைக் கடையிலிருந்து சிரிக்க ஆரம்பித்தார். அதைத் தொடர்ந்து தெருவே சிரித்தது. இரக்கம் சார் மட்டும் கடைக்குள்ளேயே நின்றார். வெளியே வந்து பாராட்டு வாங்கிக்கொள்ள அருமையான நேரம் அது. வசனம் ஒன்றைச் சொல்லி விளக்கவும் இடம் இருந்தது. அவரோ கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே இருந்தார். அழகுபாண்டி உள்ளே வந்து, “இப்ப சாப்பிடலாம்ணே,” என்று உட்கார்ந்தான். கீரை ஆறித்தான் போயிருந்தது.

அழகுபாண்டி பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. அன்று சாயங்காலமும் பரோட்டாக் கடையில் கூட்டம் குறையவில்லை. வருகிறவர்கள் கல்லாவில் நின்று, வயிறு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, தங்களுக்குக் கொத்துப் பரோட்டா சொன்னார்கள். ஓனர் வயிறு வேறு, தங்கள் வயிறு வேறு என்பதில் விளாங்குடி ஜனங்களுக்குக் குழப்பமே இல்லை. பிருந்தா ஆரப்பாளையத்தில் கொடுத்த மிக்சியைச் சரிசெய்யாமலே திருப்பி வாங்கி வந்து இரக்கம் சாரிடம் கொடுத்தாள்.

அப்பா எழுந்து நடக்க ஆரம்பித்ததும் கனகா அலங்காநல்லூரிலிருந்து திரும்பினாள். வந்த கையோடு ஒரு பை கத்தரிக்காயும் வெண்டைக்காயும் தூக்கிக்கொண்டு ஜெயசீலி வீட்டுக்குப் போனவள், இருட்டும் வரை பேசிவிட்டுத்தான் வந்தாள். இரண்டு வீட்டு ஆண்களைப் பற்றியும் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிக் குறைகள் இருந்ததால் பேச்சுக்குப் பஞ்சமில்லை.

அழகுபாண்டிக்கு இப்போது வயிறு பரவாயில்லை. இரக்கம் சாரும் அவனும் தினமும் பேசிக்கொள்கிறார்கள், அதாவது தினமும் சண்டை போடுகிறார்கள். பரோட்டா சாப்பிட வருகிறவர்கள் மிக்சிக் கடை வாசலில் வண்டியை நிறுத்துகிறார்கள் என்று இவர் கத்துவார். இந்த ரோடு உங்களுக்குப் பட்டா போட்டுக் குடுத்ததாண்ணே என்று அவன் கத்துவான். வீட்டில் குடும்ப ஜெபம் செய்யும்போது அவன் பெயரையும் சேர்த்துக்கொள்கிறார்: “ஆண்டவரே, அழகுபாண்டிக்கு நல்ல சுகத்தைக் கொடும். கனகாவையும் ஆசீர்வதியும். அவன் கடைக்கு வர்றவங்களுக்கு…”

அந்த இடம் வந்ததும் ஜெயசீலி சத்தமாக ஆமென் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள்.